போலீஸ் தேர்வு 1500 மீட்டர்: இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறது, மூக்கால் மட்டும்தான் மூச்சு விடணுமா?

வாயை மூடிக்கொண்டு ஓடாதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம், இதை மட்டும் நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் பழகுகிறீர்கள், 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே இரைத்துப்போய் நடக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், கிரவுண்டில் கூட ஓடுகிறவர்கள் மூக்கால் மட்டும் மூச்சு விடு என்கிறார்கள், கையில் மூன்று மாதம் இருக்கிறது. இதே பாடு நானும் பட்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன் ஒருவர், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓடச் சொல்வார். ரவுண்டு முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் துப்பிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்தால் தொண்டை வறளும், தொண்டை வறண்டால் தம் போய்விடும் என்பது அவர் கணக்கு. நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு மாதம் அப்படியே பழகிவிட்டுத் தேர்வுக்குப் போனேன். விசில் அடித்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். முதல் ரவுண்டு, அதாவது 400 மீட்டர், 1 நிமிடம் 28 விநாடி. இரண்டாவது 1:50. மூன்றாவது 2:10. கடைசி 300 மீட்டருக்கு மட்டும் 1:46 ஆனது, கால் வலிக்கவே இல்லை, நெஞ்சுதான் அடைத்துக்கொண்டு நின்றது. மொத்தம் 7 நிமிடம் 14 விநாடி. வெளியே வந்து மைதானச் சுவரோரம் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த நான்கு எண்களைக் கொஞ்சம் பாருங்கள். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் ஒரு 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 விநாடி இருக்கிறது. நான் முதல் ரவுண்டை 24 விநாடி முன்னதாக முடித்து, அந்தக் கடனை வட்டியோடு மற்ற ரவுண்டுகளில் கட்டினேன். மூச்சு வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது ரவுண்டிலேயே நின்றுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் முதல் ரவுண்டு எத்தனை விநாடி என்று எழுதவில்லை. 1:40-க்குக் கீழே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? நின்ற இடத்திலிருந்து திடீரென்று வேகமெடுத்தால், இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை தசைகள் ஆக்சிஜன் போதாமலே வேலையை ஓட்டுகின்றன. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, அதை வெளியே தள்ளு தள்ளு என்று மூளைத்தண்டு நெஞ்சை விரட்டுகிறது. ஆரோக்கியமான ஒருவர் ஓடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. நமக்குக் காற்று பற்றவில்லை என்று தோன்றும் அந்தத் தவிப்பில் பெரும்பங்கு உள்ளே இருப்பதை வெளியேற்றச் சொல்லும் தவிப்பு. நாமோ இன்னும் இழு, இன்னும் இழு என்று வெடுக் வெடுக்கென்று மேல்மூச்சு வாங்குகிறோம். பாதி நிறைந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றுவது மாதிரி. முதலில் குடத்தைக் காலி செய்ய வேண்டும். அதனால் ஓடும்போது மூச்சை இழுப்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள், முழுசாக விடுங்கள். நன்றாக விட்டால் உள்ளே வருவது தானாக வரும்.

மேல்மூச்சால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரை மட்டும் போய்விட்டு நுரையீரலின் காற்றறைகளைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. கணக்குக்காகச் சொல்கிறேன், அரை லிட்டர் மூச்சு 60 எடுத்தாலும் 30 லிட்டர், ஒரு லிட்டர் மூச்சு 30 எடுத்தாலும் அதே 30 லிட்டர்தான். ஆனால் முதலாவதில் 9 லிட்டர் வீண், இரண்டாவதில் நாலரை லிட்டர்தான் வீண்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு நல்லதுதான், தூசியை வடிகட்டும், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும். நடக்கும்போதும், வார்ம் அப் ஓட்டத்திலும் மூக்கால் மட்டுமே விட முடிந்தால் விடுங்கள், வேகம் மிதமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும் நமக்கு, வேகமாக ஓடும்போது 100 லிட்டரைத் தாண்டும். அவ்வளவையும் இரண்டு சின்ன ஓட்டை வழியாக இழுக்க முடியாது. நிமிடத்துக்கு 35, 40 லிட்டர் வாக்கில் பெரும்பாலோருக்கு வாய் தானாகவே திறந்துகொள்ளும். உடம்பு திறக்கிற கதவை நாம் ஏன் தாழ்ப்பாள் போட வேண்டும்? வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், தாடை தளர்ந்து தொங்கட்டும், மூக்கும் வாயும் சேர்ந்து இழுக்கட்டும், வெளியே விடுவது வாயால் இருக்கட்டும். தொண்டை வறளத்தான் செய்யும். 7 நிமிட ஓட்டத்தில் தொண்டை வறண்டு யாரும் தோற்பதில்லை.

இப்போது வயிற்று மூச்சு. இதை ஓடும்போது கற்றுக்கொள்ள முடியாது, படுத்துக்கொண்டுதான் கற்க வேண்டும். ராத்திரி தூங்கப் போகும் முன் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புள் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுக்கும்போது புத்தகம் மேலே வர வேண்டும், விடும்போது இறங்க வேண்டும், நெஞ்சு கிட்டத்தட்ட அசையக்கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கூடாரம் மாதிரி இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும், அது இறங்குவதைத்தான் புத்தகம் காட்டுகிறது. ஐந்து நிமிடம் போதும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து, அப்புறம் நடந்துகொண்டே, அப்புறம் மெதுவான ஓட்டத்தில். எனக்கு ஓட்டத்தில் இது படிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் வைத்த டிராக் பேண்ட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், வயிறு விரிய இடமே இருக்காது. தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா, முஷ்டி இறுகியிருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தோள் ஏறினாலே மூச்சு மேலே போய்விடும்.

பிராணாயாமம் பழகியவராக இருந்தால் பூரகமும் (மூச்சை இழுப்பது) ரேசகமும் (மூச்சை விடுவது) உங்களுக்கு உதவும், மூச்சை அடக்கி வைக்கும் கும்பகத்தை மட்டும் ஓட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். தம் கட்டி ஓடுவது என்பதை நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என்று எடுத்துக்கொண்டு கடைசி 100 மீட்டரில் பிடித்துவிடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்குத் தலை சுற்றுகிறது, சிலர் கோட்டுக்கு முன்னாலேயே தள்ளாடுகிறார்கள்.

அடுத்தது காலடிக் கணக்கு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குதிரை பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, அதன் உடம்பு அதை மாற்ற விடாது. மனிதனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று 1983-ல் டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். இரண்டு காலில் ஓடுவதால் நம்மால் பல விதமான கணக்கில் காலையும் மூச்சையும் சேர்க்க முடிகிறது, வேகத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. அதைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம்.

மெதுவான ஓட்டத்தில் மூன்று அடிக்கு இழுத்து மூன்று அடிக்கு விடுங்கள். சிலர் மூன்றுக்கு இழுத்து இரண்டுக்கு விடுவார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காலில் மூச்சு விடத் தொடங்கும் என்பது அதன் சௌகரியம், எனக்கும் நீண்ட தூரத்தில் அதுதான் வசதி. ஆனால் தேர்வு வேகத்தில் இவை ஒத்துவராது. அங்கே இரண்டுக்கு இழுத்து இரண்டுக்கு விடுவதுதான். நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் 42 மூச்சு வரும், வேகமாக ஓடுகிறவருக்கு அது இயல்பான அளவு. மனசுக்குள் ‘உள்ளே உள்ளே, வெளியே வெளியே’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். ‘வெளியே’ வரும்போது ஊதுகிற மாதிரி ஃபூ என்று சத்தமாகவே விடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கடைசி 300 மீட்டரில் இந்தக் கணக்கு தானாக உடையும், உடையட்டும், அப்போது எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தக் கணக்கால் எனக்கு மூச்சில் கிடைத்ததைவிடப் பெரிய லாபம் வேகத்தைக் கட்டுக்குள் வைத்ததில்தான். முதல் ரவுண்டிலேயே இரண்டு இரண்டு கணக்கு தாங்காமல் ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டால் வேகம் அதிகம் என்று உடனே தெரிந்துவிடும். கடிகாரம் பார்க்க வேண்டியதே இல்லை.

பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நான்கு வாரம் 1500 மீட்டரை நேரம் வைத்து ஓடவே ஓடாதீர்கள். வாரத்தில் நான்கு நாள், இரண்டு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று தொடங்கி, முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 25 நிமிடம் நிற்காமல் ஓடும் அளவுக்கு வாருங்கள். பக்கத்தில் ஓடும் நண்பனிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு அவன் சொல்வதற்குப் பதிலும் சொல்ல முடிய வேண்டும். இந்த மெதுவான ஓட்டம்தான் தம்மை வளர்க்கிறது, தினமும் முழு வேகத்தில் ஓடுவது வளர்ப்பதில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒருநாள் மட்டும் 400 மீட்டரை 1:44-ல் ஓடி மூன்று நிமிடம் நடந்து, மறுபடி ஓடி, இப்படி நான்கு தடவை. 1:44 என்பது 6 நிமிடம் 30 விநாடியில் முடிப்பதற்கான வேகம். அன்றைய பதற்றத்துக்கு அந்த அரை நிமிடம் கையிருப்பு வேண்டும்.

நடுவில் விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து நீளமாக ஊதுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். கிளம்பும் நேரத்தில் குளுக்கோஸ் கரைத்து மடமடவென்று குடிக்கிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. அப்படி இனிப்பான தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு ஓடினால் அந்தப் பிடிப்பு வரும் வாய்ப்புதான் அதிகம். வெறும் தண்ணீர் நாலு மடக்கு போதும்.

சில விஷயங்களை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. ஓடி முடித்த ஐந்து பத்து நிமிடத்தில் இருமல் வந்து நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், குறிப்பாக மார்கழிக் குளிரில், ஓட்டத்தால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், ஓடுவதற்கு முன் எடுத்துக்கொள்ளும் இன்ஹேலர் இருக்கிறது. நெஞ்சு வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். 400 மீட்டர் தேர்வுக்குப் பழகும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், எவ்வளவு பழகியும் இரைப்பு குறையவில்லை என்றால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தம் குறைவாக இருக்கும்போது மூச்சை மட்டும் குறைசொல்வது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம். அப்புறம், போகி அன்று காலையிலும், குப்பை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் யாரும் ஓட வேண்டாம்.

தேர்வு அன்று 10 நிமிடம் முன்னதாக மெதுவாக ஓடி, நடுவில் மூன்று நான்கு முறை 60 மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் முன்னே சொன்ன அந்த இரண்டு மூன்று நிமிடத் தாமதம் இதனால் குறையும். கோட்டில் நிற்கும்போது மூன்று மூச்சு, நீளமாக விட்டு. விசில் அடித்ததும் உங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் உங்களைத் தாண்டிப் பறப்பார்கள். போகட்டும். முதல் 200 மீட்டரை 52, 53 விநாடியில் ஓடுங்கள், வாய் திறந்திருக்கட்டும், இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. மூன்றாவது ரவுண்டில் அவர்களில் பலர் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த தேர்வில் நான் அப்படித்தான் ஓடினேன். 1:46, 1:46, 1:45, கடைசி 300 மீட்டர் 1 நிமிடம் 14 விநாடி, மொத்தம் 6:31. மொத்த மதிப்பெண்ணில் வேலை கைதவறிப் போனது, இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனால் ஓட்டத்தை விடவில்லை. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் காலையில் ஓடுவேன், ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் வரும், மூன்று மூன்று கணக்கில் நாலு சுற்று. தேர்வுக்குப் பழகும் பையன்கள் நிறையப் பேர் அங்கே வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

மேலே சொன்ன நான்கு வாரப் பயிற்சியைத் தொடங்கும் முன், நாளைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். முதல் ரவுண்டை 1:50-க்குக் குறையாமல், வாயைத் திறந்து, இரண்டு இரண்டு கணக்கில் ஓடிப் பாருங்கள். எந்த ரவுண்டில் எந்த வளைவில் கணக்கு உடைகிறது என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்த வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.