ஓவனுக்குள் என்ன வேகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"ஓவன்" என்றே எழுதப்போகிறேன். சிலர் "அவன்" என்று எழுதுகிறார்கள். உச்சரிப்புக்கு அதுதான் கிட்டே என்றாலும், "அவனுக்குள் கோழியை வைத்து அரை மணி நேரம் விட்டேன்" என்று வந்த கடிதத்தைப் படித்து ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: ஓடிஜி, கன்வெக்ஷன் ஓடிஜி, கன்வெக்ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர் என நான்கையும் கடையில் வரிசையாகக் காட்டுகிறார்கள். விற்பனையாளர் பேசப் பேசக் குழப்பம்தான் கூடுகிறது. வீட்டில் நான்கு பேர். கேக் ஆசையெல்லாம் இல்லை. தினச் சமையலுக்கு உதவ வேண்டும். எதை வாங்க? (கோவை வாசகி)

பதில்: வடாம் போட்டுப் பழக்கம் உண்டா? வெயில் கொளுத்தினாலும் காற்று அசையாத நாளில் வடாம் சீக்கிரத்தில் காயாது. கொஞ்சம் காற்று இருந்தால் மதியத்துக்குள் கலகலவென்று ஆகிவிடும். கன்வெக்ஷன் என்பது அந்தக் காற்றுதான். சாதாரண ஓடிஜியில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த பெட்டி) மேலும் கீழும் கம்பி பழுத்துச் சூடு தரும், அவ்வளவே. கன்வெக்ஷன் ஓடிஜியில் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு சின்ன விசிறி அந்தச் சூட்டைச் சுழற்றிவிடும். உணவை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அது தள்ளிவிடுவதால் மேல்புறம் சீக்கிரம் உலர்ந்து சிவக்கும். ஏர் ஃப்ரையரும் இதே சங்கதிதான்: சின்னக் கூடை, வேகமான விசிறி. கன்வெக்ஷன் மைக்ரோவேவ் இந்த வேலையையும் செய்யும், சாம்பாரை இரண்டு நிமிடத்தில் சுடவும் வைக்கும்.

என் கணக்கு இது. மிச்சத்தைச் சுட வைப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் கன்வெக்ஷன் மைக்ரோவேவ். இரண்டு பேர் குடும்பம் என்றால் ஏர் ஃப்ரையர் போதும். நான்கு பேருக்கு 4 லிட்டர் கூடையில் உருளைக்கிழங்கு வறுக்க இரண்டு ஈடு போட வேண்டும். முதல் ஈடு ஆறிப்போயிருக்கும். உங்களுக்கு நான் சொல்வது 25 முதல் 35 லிட்டர் வரை உள்ள கன்வெக்ஷன் ஓடிஜி.

ஆனால் லிட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். அது உள்ளே இருக்கும் மொத்த இடத்தின் கணக்கு. நமக்கு வேண்டியது ட்ரேயின் அகலம். காய்த் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரவலாக இருந்தால்தான் வறுபடும். ஏறிவிட்டால் ஆவியில் வெந்துவிடும். ஒரு வேளைக்கு வறுவல் செய்யும் அளவு காயை வீட்டில் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, அந்தத் தாம்பாளத்தை நூலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கதவைத் திறந்து ட்ரேயில் நூலை வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று. விசிறியைத் தனியாக நிறுத்த முடிகிறதா என்று கேளுங்கள். என்றாவது கேக் செய்தால் காற்று இல்லாமல் இருப்பது நல்லது. இல்லையென்றால் மேலே சீக்கிரம் இறுகி, நடுவில் வெடிக்கும். திருகு வைத்த மாடலையே நான் விரும்புவேன். கரண்ட் போய் வந்தால் டிஜிட்டல் மாடல்கள் பல, முதலிலிருந்து அமைக்கச் சொல்லும். முழுக்கோழியைச் சுற்ற வைக்கும் கம்பிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அது அட்டைப்பெட்டியில்தான் தூங்குகிறது.

கேள்வி: ஓவன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இரண்டு தடவை கேக் செய்ததோடு சரி. இப்போது அதன் மேல் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருக்கிறது. மாமியார் தினமும் ஒரு தடவை அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நம்ம ஊர்ச் சாப்பாட்டில் எதையெல்லாம் இதில் செய்யலாம்? எண்ணெயில்லாமல் வடை வருமா? (திருச்சி வாசகி)

பதில்: வடை வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் முயன்றேன். உளுந்தை நன்றாக அரைத்து, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெய் தடவி 200 டிகிரியில் வைத்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது வடை உருவத்தில் ஒரு ரஸ்க். காரணம் எளிது. காயும் எண்ணெயில் விழுந்த நொடியே மாவின் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே ஆவி சேர்ந்து உப்பும். காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த வேகத்தில் சூட்டைக் கொடுக்காது. தோல் இறுகுவதற்குள் மாவு ட்ரேயில் படிந்துவிடும். பஜ்ஜி, போண்டா, பக்கோடா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதெல்லாம் வாணலிக்கே சொந்தம்.

இதில் ஜெயிப்பவை உலர்ந்த சூடு கேட்பவை. என் வீட்டில் வாரத்துக்கு மூன்று தடவையாவது ஓடுகிறது. எதற்கென்று சொல்கிறேன்.

உருளை வறுவல்: கிழங்கைத் துண்டு போட்டு உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடியுங்கள். ஈரம் போக ஆறவிட்டு, அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டுக் குலுக்குங்கள். முதலிலேயே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம்; பாதியில் ஒரு தடவை புரட்டினால் போதும். பக்கத்தில் நின்று கிளற வேண்டாம், அடிப்பிடிக்காது. அந்த நேரத்தில் ரசம் வைத்துவிடலாம். சேனைக்கிழங்குக்கும் இதே வழிதான். ஆனால் அரிப்பு போக, புளித்தண்ணீரில் முக்கால்பதம் வேகவைத்த பிறகே ட்ரேக்குப் போக வேண்டும்.

கத்தரிக்காய் கொத்சுவுக்குக் காய் சுடுவது இதில் சுகம். எண்ணெய் தடவி, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, 220 டிகிரியில் அரை மணிக்கு மேல் விடுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே வெடித்து, அன்றைக்கு உங்கள் வேலை ஓவனைத் துடைப்பதுதான். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தணலில் சுட்ட வாசனை இதில் வராது. அது வேண்டுமென்றால் கடைசியில் கேஸ் அடுப்பில் ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள்.

வேர்க்கடலையை ஒரே அடுக்காகப் பரப்பி 160 டிகிரியில் 15 நிமிடம், இடையில் ஒரு தடவை கலக்கி. எடுக்கும்போது கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினதும் மொறுமொறு. "இன்னும் ஆகவில்லை" என்று ஐந்து நிமிடம் கூட்டினீர்களோ, கருகிவிடும். நமத்துப்போன முறுக்கு, தட்டைக்கு 120 டிகிரியில் எட்டு நிமிடம். பேக்கரி பஃப்ஸை மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல ஆகிவிடும். இதில் 160 டிகிரியில் ஆறேழு நிமிடத்தில் அடுக்கடுக்காக உதிரும். என்னைக் கேட்டால் பஃப்ஸுக்காக மட்டுமே ஓவன் வாங்கலாம், ஆனால் வாங்கும் பொருளைப் பற்றிப் பத்தி எழுதுபவன் அப்படிச் சொல்லக் கூடாது.

அசைவம் உண்டென்றால், மசாலா தடவிய கோழிக்கால் 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். எலும்பை ஒட்டிக் குத்திப் பாருங்கள், வடியும் நீரில் சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். மீன் துண்டு 15 நிமிடத்தில் ஆகிவிடும். தோசைக்கல்லில் பொரிப்பதுபோல எண்ணெய் தெறித்து அடுப்பெல்லாம் வழவழவென்று ஆகாது.

ஒரு எச்சரிக்கை. ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்து, மேலே எதுவும் வைக்காமல் வெறுமனே சூடேற்றாதீர்கள். விசிறிக் காற்றில் காகிதம் எழும்பி மேல் கம்பியில் தொட்டுப் பற்றிக்கொள்ளும். கறிவேப்பிலை உலர்த்தினால் அதுவும் பறக்கும். மேலே ஒரு கம்பி வலையைக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம், ஊறுகாய் ஜாடியை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். ஓடும் ஓவனின் மேலே எதுவும் இருக்கக் கூடாது, சுற்றிலும் ஒரு சாண் இடம் வேண்டும்.

கேள்வி: 1500 வாட் என்று போட்டிருக்கிறது. கரண்ட் பில் எகிறுமா? மிக்ஸி பாயின்டிலேயே சொருகலாமா? எங்கள் கிராமத்தில் மாலையில் வோல்டேஜ் வேறு குறைவு. (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

பதில்: பில் பயப்படும் அளவுக்கு இல்லை. 1500 வாட் 40 நிமிடம் முழுக்க ஓடினால் ஒரு யூனிட். சூடு வந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் உண்மையில் அதற்கும் கீழேதான். வாரம் மூன்று தடவை என்றால் இரண்டு மாத பில்லில் இருபத்தைந்து யூனிட்டைத் தாண்டாது. நீங்கள் ஏற்கெனவே ஒரு கட்டண ஸ்லாப்பின் விளிம்பில் இருந்தால் மட்டும் அந்த இருபத்தைந்து உறைக்கும்.

மிக்ஸி பாயின்ட் வேண்டாம். அது பெரும்பாலும் 6 ஆம்ப். 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும். ஏசி, கீசருக்குப் போடும் 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்ட நினைக்காதீர்கள்.

வோல்டேஜ் விஷயம் பலருக்குத் தெரியாதது. 230-க்குப் பதில் 190 வந்தால் சக்தி அதே விகிதத்தில் குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். 1500 வாட் ஓவன் கிட்டத்தட்ட 1000 வாட்டாகிவிடும். காலையில் 25 நிமிடத்தில் ஆன உருளைக்கிழங்கு மாலையில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தால் குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை.

கேள்வி: மூன்றாவது மாதமே கதவுக் கண்ணாடி தானாக உடைந்துவிட்டது. "கண்ணாடி வாரண்டியில் வராது, விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே இருக்கிறது" என்கிறார்கள். அவ்வளவுதானா? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் உங்களிடம் ஒரு கேள்வி: சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தீர்களா? கதவில் பாத்திரம் இடித்ததா? ஆம் என்றால் உங்கள் வழக்கு பலவீனம். இல்லையென்றால் விடாதீர்கள். கண்ணாடிக்கு வாரண்டி இல்லை என்ற வரி கைதவறி உடைவதற்குத்தான் நியாயமாகப் பொருந்தும். தயாரிப்பிலேயே குறை இருந்தால் அந்த வரியைக் காட்டித் தப்பித்துவிட முடியாது. பில்லில் அச்சடித்த வாசகமும் அப்படித்தான். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தக் காலம் தாண்டியிருந்தாலும் தயாரிப்புக் குறை என்று புகார் செய்யலாம்.

உடைந்த சில்லுகளை எறியாமல் படம் எடுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசியதோடு நிறுத்தாதீர்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். நிறையப் புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரம் வைக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: ஓடிஜியில் தாராளமாக, பிளாஸ்டிக் பிடி இல்லாத வரை. மைக்ரோவேவ் ஓடும்போது கூடாது. புளி, எலுமிச்சை சேர்ந்த மசாலாவை நேராக அலுமினிய ட்ரேயில் வைக்காதீர்கள். ட்ரே புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். அதற்கும் எவர்சில்வரே நல்லது.

கேள்வி: சமையல் குறிப்பில் சொன்னபடியே 200 டிகிரி வைத்தும் கருகுகிறது. முதல் நாள் புகையும் வந்தது. மெஷினே கோளாறா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அந்தக் குறிப்பு விசிறி இல்லாத ஓவனுக்கு எழுதியதாக இருக்கும். விசிறி ஓடினால் 20 டிகிரி குறைத்து வையுங்கள். அதோடு, விலை குறைந்த மாடல்களின் திருகு காட்டும் டிகிரியை அப்படியே நம்பக் கூடாது. ட்ரே முழுக்க பிரெட் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். எந்த மூலைத் துண்டு முதலில் சிவக்கிறதோ அதுதான் உங்கள் ஓவனின் சூட்டு மூலை. இனி பாதி நேரத்தில் ட்ரேயைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். முதல் நாள் புகை, கம்பியில் பூசியிருக்கும் எண்ணெய்ப் பூச்சு எரிவது. ஜன்னலைத் திறந்துவைத்துக் காலியாக இருபது நிமிடம் ஓட்டினால் போய்விடும். ஒரு மாதம் கழித்தும் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ, பிளக்கைத் தொட்டால் கை சுட்டாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, முதலில் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.