வாசகர் கேள்வி பதில்: பழைய லேப்டாப்புல போர்டு ஏன் திணறுது?

கேள்வி: 2010 வாக்குல வாங்கின லேப்டாப் சார். டைப்பிங், பிரவுசிங் எல்லாம் இன்னும் நல்லாத்தான் ஓடுது. ஆனா பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) டிசைன் சாஃப்ட்வேர்ல போர்டைத் திறந்து ஜூம் பண்ணினா ரெண்டு மூணு செகண்டு கழிச்சுதான் நகருது, அதுவும் கிரவுண்ட் ஜோனை ஃபில் பண்ணிட்டா சுத்தமா முடியல. ரேம் 8 ஜிபி ஆக்கிப் பாத்தேன், ஒரு மாத்தமும் இல்ல. புது லேப்டாப்தான் வழியா?

பதில்: ரேம் போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே! எந்த சாஃப்ட்வேர்னு எழுதல, கீகேட்ங்கற பிசிபி சாஃப்ட்வேரை வச்சே சொல்றேன், மத்ததுலயும் கதை கிட்டத்தட்ட இதான்.

ஜோன்னா நம்ம கண்ணுக்கு ஒரே ஒரு செம்புப் பரப்பு. சாஃப்ட்வேருக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு வியாவைச் (லேயர்களை இணைக்கற துளை) சுத்தியும் கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, விட்டு ஒரு ஓட்டை, அந்த வட்டமே சின்னச் சின்ன நேர்கோடாலதான் ஆனது, அப்ப 200 வியா இருந்தா மொத்தப் பரப்பையும் ஆயிரக்கணக்குல முக்கோணமா வெட்டித்தான் வரையணும். கிராஃபிக்ஸ் சிப் ஒழுங்கா வேலை செஞ்சா முக்கோணங்களை ஒரு தடவை மெமரில ஏத்திட்டு, நீங்க நகர்த்தும்போது பார்வைக் கோணத்தை மட்டும் மாத்திக் காட்டிடும். அது இல்லேன்னா ஒவ்வொரு அசைவுக்கும் சிபியு முதல்லேருந்து வரையுது. உங்க ரெண்டு மூணு செகண்டு அங்கதான் போகுது, ரேம் என்ன பண்ணும் பாவம்.

அதனால முதல்ல கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கற டிரைவர் இருக்கான்னு பாருங்க. விண்டோஸ்னா டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்க, 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா டிரைவரே ஏறலைன்னு அர்த்தம். பழைய மெஷின்ல புது விண்டோஸ் போட்டவங்களுக்கு இது ரொம்ப சகஜம். அப்ப விண்டோஸ் கையில இருக்கறது ஓப்பன்ஜிஎல் (சாஃப்ட்வேர் கிராஃபிக்ஸ் சிப்கிட்ட வேலை சொல்ற முறை) 1.1தான், கீகேட் கேக்கறது 2.1, அதுவே 2006ல வந்த சமாச்சாரம். அந்த மாடலுக்கான கடைசி டிரைவரைத் தேடிப் போட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு இதோட முடிஞ்சிடும். ஆனா இன்டெல் ஜிஎம்ஏ 950 மாதிரி சிப்புன்னா விண்டோஸ்ல சரியான டிரைவர் போட்டாலும் ஓப்பன்ஜிஎல் 1.4க்கு மேல போகாது, அதுக்கு மேல நோண்டறது வீண்.

லினக்ஸ்காரங்க 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கமாண்டை ஓட்டிப் பாத்து ஓப்பன்ஜிஎல் வெர்ஷன் 4க்கு மேல காட்டுதேன்னு சந்தோஷப்படுவாங்க. ரென்டரர்னு இருக்கற வரியையும் படிங்க. 'எல்எல்விஎம்பைப்'னு இருந்தா அந்த வெர்ஷன் முழுக்க சிபியு போடற வேஷம்.

டிரைவர் சரியாயிட்டும் இழுத்தா ப்ரிஃபரன்சஸ்ல ஆன்டிஅலியாசிங்கை (கோட்டு ஓரத்தை வழவழப்பாக் காட்டறது) ஆஃப் பண்ணுங்க, ஜோன்களை ஃபில் இல்லாம அவுட்லைனா மட்டும் காட்டச் சொல்லுங்க, அப்புறம் டிராக் (செம்புக் கோடு) போடறப்ப தேவையில்லாத லேயரை மறைச்சிடுங்க. 3டி வியூவர்ல ரே டிரேசிங் (வெளிச்சம், நிழலைக் கணக்குப் போட்டு வரையறது) பக்கமே போகாதீங்க, அது சிபியுவைத்தான் பிழியும். ஃபால்பேக் கிராஃபிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கிராஃபிக்ஸ் சிப் இல்லாம கெய்ரோங்கற லைப்ரரி வச்சு சிபியுவே வரையறது, சின்ன போர்டுக்குத் தாங்கும், பெரிய ஜோன் வந்தா பழைய கதைதான்.

கேள்வி: கீகேட்டோட பழைய வெர்ஷன் 5லேயே இருந்துடலாமா?

பதில்: தனியா வேலை பாத்தா தாராளமா. ஆனா கூட ஒருத்தர் 6 போட்டு சேவ் பண்ணிட்டார்னா அந்த ஃபைலை நீங்க திறக்க முடியாது, ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்) ஃபார்மேட்டே அதுல மாறிடுச்சு. புதுசு பழசைப் படிக்கும், பழசு புதுசைப் படிக்காது.

கேள்வி: என் ஸ்க்ரீன்ல சில டிராக் பாதி காணோம், ஜோன்ல கோடு கோடா விழுது. இப்படியே ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பினா போர்டும் அப்படித்தான் வருமா?

பதில்: வராது. கீகேட் உள்ளுக்குள்ள எல்லா இடத்தையும் நானோமீட்டர் கணக்குல முழு எண்ணா வச்சிருக்கு, கெர்பர் (ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பற ஃபைல்) அதுலேருந்துதான் போகுது, ஸ்க்ரீன்லேருந்து இல்ல. ஆனா ஒண்ணு, நிஜமாவே ஃபில் தப்பா இருந்தாலும் உங்க மெஷின்ல டிரைவர் கோளாறு மாதிரியேதான் தெரியும், அதனால டிஆர்சி (டிசைன் விதி சரிபார்ப்பு) ஓட்டிட்டு கெர்பரை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. கீகேட்டோட கெர்பர் வியூவரும் அதே டிரைவரை நம்பித்தான் வரையுது, அதே மெஷின்ல அதைத் திறந்து பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.