விமானத்தில் போய்ப் புவியீர்ப்பை அளப்பது ஏன்? (வாசகர் கேள்வி பதில்)

தூத்துக்குடி வாசகர்: கடற்கரையில் நின்று ஜிபிஎஸ் கருவியில் உயரம் பார்த்தேன். மைனஸ் 90 மீட்டருக்குப் பக்கத்தில் காட்டுகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை. ஜிபிஎஸ் நேராகத் தருவது கடல் மட்டத்தில் இருந்து உயரம் அல்ல. பூமிக்கு ஏறத்தாழப் பொருந்தும்படி கணிதத்தில் வரைந்து வைத்திருக்கும் ஒரு வழவழப்பான உருண்டையில் இருந்து அது உயரம் சொல்கிறது. நிஜக் கடல் மட்டம் அந்த உருண்டையை ஒட்டிப் போவதில்லை. பூமிக்குள் பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பும் மாறுகிறது, அதற்கு ஏற்ப நீர் சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் நிற்கிறது. உலகிலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், 106 மீட்டர் வரை. நம் தென்கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. பல கைபேசிகள் இந்த வித்தியாசத்தைத் தாமாகவே சரிசெய்துவிட்டுக் காட்டும், உங்கள் கருவி செய்யவில்லை, அவ்வளவுதான். காற்று, அலை, நீரோட்டம் எதுவும் இல்லாமல் கடல் அசையாமல் நின்று, அந்த மட்டம் நிலத்துக்கு அடியிலும் தொடர்ந்தால் கிடைக்கும் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

கோவை சர்வேயர்: அமெரிக்காவில் நாட்டின் உயரக் கணக்கையே மாற்றுகிறார்களாம், அதற்காக விமானத்தில் பறந்து புவியீர்ப்பை அளந்தார்களாம். தம்பி சொன்னான். தரையிலேயே லட்சக்கணக்கான புள்ளிகளில் அளந்து வைத்திருக்கும்போது விமானம் எதற்கு?

தம்பி சொன்னது உண்மை. அமெரிக்காவில் இப்போது புழக்கத்தில் இருக்கும் உயர அமைப்பு 1988ஆம் ஆண்டின் பெயரில் இருப்பது. கனடாவின் கியூபெக்கில் ரிமூஸ்கி என்ற ஊரில் இருக்கும் ஒரே ஒரு கடல்மட்டப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, கண்டம் முழுக்க லெவலிங் (புள்ளிக்குப் புள்ளி உயர வித்தியாசத்தை அளந்து கூட்டிக்கொண்டே போவது) செய்து கட்டியது. லெவலிங்கில் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பது உங்களுக்கே தெரியும். கண்டத்தின் தென்கிழக்கு மூலையில் இருந்து வடமேற்கு மூலைக்குப் போவதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் சாய்ந்துவிட்டது. இனி அப்படி உயரம் குறித்து நட்ட பெஞ்ச் மார்க் கல்லை நம்பாமல், ஜிபிஎஸ்ஸில் உயரம் எடுத்து அதில் இருந்து ஜியாய்டின் உயரத்தைக் கழித்துக்கொள்வது என்று அந்த நாட்டின் தேசிய ஜியோடெடிக் சர்வே முடிவு செய்தது. அப்படியானால் ஜியாய்டு சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் 2008இல் விமானங்களைப் பறக்கவிட்டு 2023இல் அளவெடுப்பை முடித்தார்கள்.

சரி, தரை அளவுகள் ஏன் போதவில்லை? ஒவ்வொரு புள்ளியும் மோசம் என்பதால் அல்ல. அவை பல பத்தாண்டுகளில், பல நிறுவனங்கள், பெரும்பாலும் எண்ணெய் தேடுவது போன்ற வேறு வேலைகளுக்காக எடுத்தவை. ஒவ்வொரு சர்வேயும் தனக்கென ஒரு அடிப்படை நிலையத்தில் இருந்து தொடங்கியது, உயரத்தைப் பல நேரம் வரைபடத்தில் பார்த்துக் குறித்தார்கள். மூன்று மீட்டர் உயரம் தப்பினால் ஈர்ப்பில் ஒரு மில்லிகால் தப்பும், அதாவது மொத்த ஈர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இது ஒரே ஒரு புள்ளியில் நடந்தால் பரவாயில்லை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் கரைந்துவிடும். ஆனால் 100 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டாரம் முழுக்க அதே ஒரு மில்லிகால் ஒரே பக்கமாகத் தப்பினால், நடுவில் ஜியாய்டு சுமார் 10 சென்டிமீட்டர் எகிறிவிடும். சென்டிமீட்டர் தேடுகிறவர்களுக்கு இது பெரிய அடி. தரையில் இருந்தபடி இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், ஏனென்றால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும்.

விமானம் இங்கேதான் உதவுகிறது. ஒரே கருவி, ஒரே முறை, நிலம் கடல் என்று பாராமல் ஒரே ஓட்டம். கரையோரத்தில் கப்பல் வர முடியாத ஆழமற்ற நீருக்கு மேலேயும் போய்விடலாம். சுமார் 6 கிலோமீட்டர் உயரத்தில், 10 கிலோமீட்டர் இடைவெளியில் கோடு கோடாகப் பறந்தார்கள், அப்புறம் அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டியும் பறந்தார்கள், வெட்டும் இடத்தில் இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.

இதிலும் தொல்லைகள் உண்டு. விமானம் மேலும் கீழும் ஆடுவதே கருவிக்கு ஈர்ப்பு மாதிரிதான் தெரியும், அதை ஜிபிஎஸ் வைத்துக் கழிக்க வேண்டும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிழக்கே போனால், பூமி சுழலும் திசையிலேயே போவதால், டெக்சஸ் போன்ற அட்சரேகையில் 1,400 மில்லிகால் அளவுக்கு எடை குறைந்தது போலக் காட்டும், அதையும் திருத்த வேண்டும். இவ்வளவையும் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றிரண்டு மில்லிகால் துல்லியம் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை உயரம். பக்கத்து ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியில் இருந்து நம் வீட்டுக்கு வரும்போது பாட்டின் வார்த்தைகள் போய்த் தாளம் மட்டும் கேட்குமே, அதேபோல மேலே போகப் போக ஈர்ப்பின் நுணுக்கங்கள் மங்கிவிடும். 100 கிலோமீட்டர் அலைநீளமுள்ள (ஈர்ப்பின் ஒரு ஏற்றத்தில் இருந்து அடுத்த ஏற்றம் வரை அவ்வளவு தூரம்) மாற்றம் 6 கிலோமீட்டர் உயரத்தில் 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் மிஞ்சும். 20 கிலோமீட்டர் அலைநீளம் என்றால் 15 சதவீதம்தான். அதைக் கணக்குப் போட்டுத் தரைக்கு இறக்கும்போது ஏறத்தாழ ஏழால் பெருக்க வேண்டும், கூடவே கருவியின் இரைச்சலும் ஏழு மடங்காகும்.

அதனால், விமான அளவு வந்துவிட்டது, பழைய தரை அளவைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள மாற்றங்களுக்குச் செயற்கைக்கோளை நம்பு, அதற்குக் கீழே சில பத்துக் கிலோமீட்டர் வரை விமானத்தை நம்பு, இன்னும் நுணுக்கமானதைத் தரைப் புள்ளிகளிடமும் மலைகளின் உயர வரைபடத்திடமும் கேள், ஒன்றின் எல்லையும் இன்னொன்றின் எல்லையும் சேரும் இடங்களில் ஒவ்வொன்றின் பிழையைப் பொறுத்து எடை கொடுத்து, அதாவது பிழை குறைந்ததற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, கலந்துகொள். இந்த எடை சரியாக விழுவதில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. விமான அளவோடு ஒப்பிட்டால் எந்தப் பழைய சர்வே ஒட்டுமொத்தமாகச் சாய்ந்திருக்கிறது என்பதும் வெளியே வந்துவிடும்.

கலந்தது சரியா என்று பார்க்காமலும் விடவில்லை. 2011இல் டெக்சஸில் ஆஸ்டின் முதல் கடலோர ராக்போர்ட் வரை 325 கிலோமீட்டர், லெவலிங்கும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்துப் புதிதாக அளந்தார்கள். விமான அளவைச் சேர்த்த ஜியாய்டு, சேர்க்காததைவிட அந்தக் கோட்டோடு நன்றாக ஒத்துப்போனது, சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. ஆனால் அது சமவெளி. 2017இல் கொலராடோ மலைகளில் இதேபோல ஒரு கோடு அளந்தார்கள். அந்த வட்டாரத்தின் விமான, தரை அளவுகளை உலகெங்கும் 14 குழுக்களிடம் கொடுத்து, அவரவர் முறையில் ஜியாய்டு போடச் சொன்னார்கள். சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வந்து நின்றார்கள். மலையில் ஒரு சென்டிமீட்டர் இன்னும் எல்லோருக்கும் எட்டவில்லை.

சேலம் வாசகி: செயற்கைக்கோள் மட்டும் போதாதா?

போதாது. ஈர்ப்பை அளக்கவென்றே 2009 முதல் 2013 வரை சுற்றிய ஐரோப்பாவின் கோசே, 255 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்வாகப் பறந்தும் 100 கிலோமீட்டருக்குக் குறைவான விவரம் அதற்குப் பிடிபடவில்லை. ஒரு வாய்க்காலில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பவருக்கு அது போதாது.

மதுரை வாசகர்: எவரெஸ்ட் 8,848.86 மீட்டர் என்கிறார்களே, இதிலும் இந்த ஜியாய்டு உண்டா?

நிச்சயமாக. உச்சியில் ஜிபிஎஸ் வைத்தால் கிடைப்பது தூத்துக்குடி வாசகருக்குக் கிடைத்த அதே வகை உயரம்தான், கடல் மட்டம் மலைக்கு அடியில் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். நேபாளத்தில் 2010இல் விமானத்தில் ஈர்ப்பு அளந்திருந்தார்கள், பிறகு தரையிலும் புதிதாக அளந்து இரண்டையும் சேர்த்தார்கள். சீனத் தரப்பும் மலையின் வடபக்கத்தில் விமான அளவு எடுத்தது, 2020 மே 27 அன்று உச்சிக்கே ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரைக் கொண்டுபோய் அளந்தது. இரு நாடுகளும் சேர்ந்து அந்த எண்ணை அறிவித்தது அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று.