மூன்று இன்டர்வியூ, மூன்று விதமான சங்கடம்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பி.இ. இ.சி.இ. முடித்து, பதினைந்து நாளில் மூன்று இன்டர்வியூ போய்வந்து, "இனி எங்கேயும் போக மாட்டேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் நடந்ததை அவளிடம் கேட்டு விவரமாக எழுதியது பெரிய உதவி. ஏனென்றால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் அவளுடைய தயாரிப்பு போதவில்லை. இரண்டாவதில் கேட்டவர்கள் பக்கமே பாதித் தவறு. மூன்றாவது இன்டர்வியூவே அல்ல, திருட்டு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எனக்குத் திறமை இல்லை" என்று அவள் பேர் வைத்துவிட்டாள். அந்த மூட்டையைப் பிரித்துக் காட்டுவதுதான் இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சூடு ஏறினால் ஃபேன் தானாக ஓடும் ப்ராஜெக்ட் என்று ரெஸ்யூமில் போட்டிருக்கிறாள். "எவ்வளவு டிகிரி மாறினால் உன் சர்க்யூட்டுக்குத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. கேட்டவரும் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் "நீங்க கிளம்பலாம்" என்றார். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: அந்த ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதா? அப்படியிருந்தால் அவளைத் திட்டாதீர்கள். வாங்கிய ப்ராஜெக்ட்டோடு வருகிறவர்கள் ஏராளம், கேள்வி கேட்பவருக்கும் அது தெரியும். முதல் கேள்வியைச் சரியாக அந்த இடத்தில் வைப்பதே அதனால்தான்.

இதைப் பத்து நாளில் சரிசெய்யலாம். ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கணினி போர்டு (நகல் போர்டே போதும்), வெப்பத்தை அளக்கும் எல்.எம்.35 சென்சார், பற்றவைக்காமல் ஒயரைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, நாலைந்து ஒயர். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அவளே கையால் இணைக்கட்டும். எல்.எம்.35-க்கு மூன்று கால்கள். சப்ளையையும் கிரவுண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் சென்சார் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டை ஒரு தடவை விரலில் உணர்ந்தவள் எந்தக் கால் எதற்கு என்று சொல்லும் டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் இனி ஒயரைச் செருக மாட்டாள். இன்டர்வியூவில் சொல்ல உண்மையான அனுபவம் ஒன்றும் கிடைத்துவிடும்.

அந்தக் கேள்விக்கான விடையும் அங்கேயே இருக்கிறது. எல்.எம்.35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். யூனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். ஆகவே அரை டிகிரிக்குக் குறைவான மாற்றம் அதன் கண்ணுக்குத் தெரியாது. விடை இவ்வளவுதான். இன்னும் ஒரு படி மேலே போகலாம். யூ.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட் சரியாக 5 ஆக இருக்காது. 4.8 வந்து, கணக்கில் 5 என்றே போட்டிருந்தால், 30 டிகிரி இருக்கும்போது திரையில் 31-க்கு மேல் காட்டும். போர்டுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு (5 வோல்ட்டுக்குப் பதில் ஒப்பிட்டு அளக்கும் நிலையான வோல்ட்) மாற்றினால் ஒரு படி ஏறக்குறைய டிகிரியில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், சப்ளை ஏறி இறங்கினாலும் அளவு ஆடாது. வீட்டில் அவளாகவே இதைச் செய்து பார்த்து, இணைப்புப் படத்தையும் கணக்கையும் ஒரு ஏ4 தாளில் எழுதி ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும். அதே கேள்வி இன்னொரு கம்பெனியில் வரும்போது, பேச்சு எங்கே போகும் என்பதை அவளே தீர்மானிப்பாள்.

அந்த மௌனத்தைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். இன்டர்வியூ எடுப்பவர் பேசாமல் லேப்டாப்பைப் பார்த்தால், பெரும்பாலும் மதிப்பெண்ணோ குறிப்போ எழுதிக்கொண்டிருக்கிறார். சில பேர் வேண்டுமென்றே சும்மா இருந்து பார்ப்பதும் உண்டு. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதிலைச் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பப் போய்த்தான் பிள்ளைகள் சரியாகச் சொன்ன பதிலையும் குழப்புகிறார்கள். விடை தெரியவில்லையென்றால் தெரிந்த பாதியைச் சொல்லி, மீதியை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லலாம். கேள்வியே புரியவில்லையென்றால், புரிந்ததை முதலில் சொல்லிவிட்டு மீதியைக் கேட்பது நல்லது: "யூ ஆர் ஆஸ்கிங் அபௌட் தி சென்சார், ரைட்?" தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் "சாரி, மை இங்கிலீஷ் இஸ் நாட் குட்" என்று தொடங்குவதை நிறுத்தினாலே போதும். யாரும் கேட்காத குறையை நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

இரண்டாவது, ஆன்லைன் இன்டர்வியூ. அதில் மூன்று விஷயம் அவளைக் காயப்படுத்தியிருக்கிறது. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொன்னது. கேமராவைச் சுற்றித் திருப்பி அறையைக் காட்டச் சொன்னது. இது அவமானமாகத் தெரியும்தான், ஆனால் அவள்மேல் தனிச் சந்தேகம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்று விடை சொல்வதும், கேள்வியைக் கேட்டவுடன் ஏ.ஐ. கருவி திரையில் பதிலை எழுதிக் காட்டுவதும் பெருகிவிட்டதால் பல நிறுவனங்கள் எல்லோரிடமும் இப்படிச் செய்கின்றன. கண் ஒரு பக்கமாகவே ஓடினால் படிக்கிறாள் என்று நினைப்பார்கள். லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடித்த புத்தகம் வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகில் விழ வேண்டாம். தலைக்கு நேர் மேலே ஃபேன் வேகமாக ஓடினால் மைக்கில் அதுதான் கேட்கும். மின்வாரியம் பராமரிப்புக்காக அறிவிக்கும் மின்தடை உங்கள் பகுதிக்கு அன்றைக்கு உண்டா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், செல்போன் ஹாட்ஸ்பாட்டையும் ஒரு தடவை இணைத்துச் சோதியுங்கள். அந்த நேரத்தில் குக்கர் வைக்க வேண்டாம்.

அடுத்தது, சென்னையில் எத்தனை டீக்கடை இருக்கும் என்ற கேள்வி. கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். கேலியில்லை. விடை அவர்களுக்கும் தெரியாது. யோசிக்கும் வழியைத்தான் பார்க்கிறார்கள், அதனால் வாய்விட்டுக் கணக்குப் போட வேண்டும்: மாநகராட்சி எல்லைக்குள் 70 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்கிறேன், அதில் நூற்றுக்கு முப்பது பேர் தினமும் கடையில் ஒரு டீ குடித்தால் 21 லட்சம் டீ, ஒரு கடையில் நாளைக்கு 300 டீ ஓடினால் 7,000 கடை. பிறகு தன் கணக்கின் ஓட்டையைத் தானே காட்ட வேண்டும்: இரண்டு மூன்று தடவை குடிப்பவர்களையும், புறநகரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களையும் நான் சேர்க்கவில்லை என்று. ஓட்டையைக் காட்டுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. என் கருத்தைக் கேட்டால், ஆளை எடைபோட இது நல்ல கேள்வியே அல்ல. கூகுளில் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ போக், இந்த மாதிரிப் புதிர்க் கேள்விகள் நேர விரயம் என்று 2013-லேயே சொல்லிவிட்டார். இன்னும் கேட்கிறார்களே, நாம் தயாராக இருக்க வேண்டியதுதான்.

அந்த ஆன்லைன் இன்டர்வியூவின் மூன்றாவது விஷயம்தான் உண்மையான தவறு: "எப்போ கல்யாணம்? கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்களா?" ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது, 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுவது இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எளிதல்ல. கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்குப் பதில் சொன்னால் போதும். பயிற்சி கொடுத்த பிறகு போய்விடுவாளோ என்பதுதான் அந்தப் பயம். "இந்த வேலையில் நீடித்துக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன், ஷிஃப்ட், வேலை செய்யும் ஊர் பற்றி என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள்" என்று சொல்லி வேலைக்குத் திருப்பிவிடலாம். இரவு ஷிஃப்ட் என்றால் போக வர வாகனம் உண்டா என்று அவளும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க எழுத்துப்பூர்வச் சம்மதமும் போக்குவரத்து வசதியும் நிபந்தனைகள். "சொந்த ஊர் எது, அதில் எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று கேள்வி நீண்டால் சாதியைத்தான் தேடுகிறார்கள். ஊர், மாவட்டம், அதோடு நிறுத்திவிடலாம்.

உடம்பைப் பற்றிப் பேசினாலோ, வேலை வேண்டுமானால் தனியாகச் சந்திக்க வா என்றாலோ அங்கே சமாளிக்க எதுவுமில்லை. "நான் கிளம்புகிறேன்" என்று எழுந்துவிட வேண்டும். 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பணியிடத்தில் துன்புறுத்தப்படும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள். தேதி, நேரம், பேசிய வார்த்தை, அழைப்பு வந்த மெயில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அம்மா. "எழுந்து வந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ" என்ற பயத்தில்தான் பல பெண்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

கடைசியாக, அந்த மூன்றாவது இன்டர்வியூ: வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷம் எழுத்திலேயே கேள்வி கேட்டு, அன்றே ஆஃபர் லெட்டர் அனுப்பி, லேப்டாப்புக்கும் பயிற்சிக்கும் 4,500 ரூபாய் கட்டச் சொன்னது. நேர்மையான நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. "ரீஃபண்டபிள்" என்று சொன்னாலும் வாங்காது. நிறுவனத்தின் பெயர் உண்மையாகவே இருக்கும், மெயில் முகவரி மட்டும் ஜிமெயிலாகவோ ஒரு எழுத்து மாறியோ இருக்கும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அதில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நல்ல காலம், நீங்கள் கட்டவில்லை. யாராவது கட்டிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வைக்கச் சொல்லும் இடத்திலும் இதே எச்சரிக்கை தேவை. காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வர வேண்டும்.

இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எந்த பாண்டும் செல்லாது என்று சொல்கிறார்களே, அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025-இல் ஏற்றுக்கொண்டது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நாளாக ஆகத் தொகை குறையுமா, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று படித்துப் பார்த்து, ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிய பிறகுதான் கையெழுத்து.

இனி உங்கள் பங்கு. கூடப் போவது தவறில்லை, ஆனால் ரிசப்ஷனில் உட்காராமல் வெளியே டீக்கடையில் இருங்கள். எச்.ஆர். எண்ணுக்கு நீங்கள் கூப்பிடவே வேண்டாம். பெண்ணால் தானாகப் பேச முடியாது என்று குறித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் "கிடைச்சிடுச்சா?" என்று கேட்காமல், சாப்பிட வைத்துவிட்டு "என்னென்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். கேள்விகளை அன்று இரவே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளுக்குள் பாதி மறந்துபோகும், நினைவில் நிற்பது அவமானம் மட்டும்தான்.

முதல் கம்பெனியிலிருந்து வேண்டாம் என்று இன்னும் மெயில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு வழி பாக்கியிருக்கிறது. அழைப்பு வந்த அதே மெயிலுக்கு அவள் பதில் எழுதட்டும்: அன்று சென்சார் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை, பிறகு செய்து பார்த்தேன், சுமார் அரை டிகிரி, கணக்கு இது. மன்னிப்பு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். போர்டு வந்து, கையால் அளந்து பார்த்த அன்றே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.