இறுக்கம் கோளாறு அல்ல, ஊசியை மெல்லத் திருப்புங்கள்

வேளச்சேரி நண்பருக்கு,

உங்கள் ரிமோட் காரின் புது நைட்ரோ எஞ்சினைக் கிளப்பும் கயிறு பாதியிலேயே இறுகுகிறது, கிளம்பினாலும் வெண்புகை கக்கி இரண்டு நிமிடத்தில் அணைகிறது என்கிறீர்கள். அந்த இறுக்கம் இருக்க வேண்டியதுதான். பிஸ்டன் ஓடும் பித்தளைக் குழாயான ஸ்லீவின் மேற்பகுதியை வேண்டுமென்றே குறுகலாகக் கடைந்திருப்பார்கள். சூட்டில் விரிந்துதான் பிஸ்டனுக்கு வழிவிடும். கயிற்றோடு மல்லுக்கட்டாதீர்கள்.

முதலில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, காரைக் கவிழ்த்துச் சில முறை இழுங்கள். எரிபொருள் தெறித்தால் உள்ளே தேங்கியிருக்கிறது. அதை வெளியேற்றாமல் பலமாக இழுத்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிந்தியதைத் துடைத்து, எரிபொருள் கேனைத் தள்ளி வைத்த பிறகே ஹேர் டிரையரால் எஞ்சின் தலையைச் சூடாக்குங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனாலின் தீ பகலில் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

புது எஞ்சினைப் பழக்க, புகை பொங்க ஐடிலிலேயே (காரை நகர்த்தாமல் மெதுவான சுழற்சியில்) டாங்க் டாங்க்காக ஓட்டச் சொல்லும் உபதேசத்தை நான் ஏற்பதில்லை. அளவுக்கு மீறிய எரிபொருள் எஞ்சினைக் குளிரவைக்கிறது. ஸ்லீவ் விரியாமல் பிஸ்டன் உரசித் தேய்கிறது. உங்களுடையது அணைவதும் பெரும்பாலும் இதனால்தான். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஊசியை வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, எரிபொருளைக் குறைத்துப் பாருங்கள். பிளக் அருகே வெப்பம் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ், லேசான புகைத்தடம்: இது போதும். ஒவ்வொரு டாங்குக்குப் பிறகும் பிஸ்டனைக் கீழே இறக்கி, முழுதாக ஆறவிடுங்கள். பிஸ்டன் கீழே இருப்பதை அறிய, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எளிது.

சென்னைக் காற்றின் ஈரத்தை மெத்தனால் உறிஞ்சிவிடும். கேன் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். மொட்டை மாடியில் ஓட்டினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், அது தனி.