புதிய மினி டிராக்டர்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் 40 மணியைத் தொட்டுவிட்டது. ஆயில் சுத்தமாகத்தான் தெரிகிறது. 50 மணியிலேயே மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். புதிய எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகளும் பல்சக்கரங்களும் உரசிப் படியும்போது உதிரும் இரும்புத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் கலக்கின்றன என்பதால், நிறத்தை நம்பாமல், கையேட்டில் குறித்துள்ள மணிக்கு ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதுவரை முழுப் பாரம் ஏற்ற வேண்டாம். சக்கர நட்டுகளையும் தொடக்க நாள்களில் அடிக்கடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சேற்றுழவில் பின்சக்கரம் புதைந்தால், சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி எடுக்கிறார்கள். இது சரியா?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். கட்டை சேற்றில் மாட்டிச் சக்கரம் சுழல முடியாமல் போகும்போது, எஞ்சினின் விசை வண்டியின் முன்பகுதியையே மேலே தூக்கிவிடும்; கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி ஓட்டுநர்மேல் மல்லாந்துவிடும். சிறிய வண்டிதானே என்ற எண்ணமே இதில் பெரிய ஆபத்து. முதலில் ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால், பின்னால் மாட்டியிருக்கும் ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) கழற்றிவிட்டு, வேறு டிராக்டரை வைத்து இழுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழேயுள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்கில் (கருவியின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாட்டினால் அந்த வண்டியும் அதேபோல் கவிழும்.

கேள்வி: ரோட்டவேட்டரில் சுற்றிய கோரையை வண்டி ஓடும்போதே கம்பியால் எடுக்கலாமா?

பதில்: கூடாது. எஞ்சினின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்கிறது. தோளில் கிடக்கும் துண்டின் நுனி சிக்கினாலே ஆளை இழுத்துவிடும். பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கீழே இறங்குங்கள். தண்டின் மேலுறையை இடைஞ்சல் என்று முதல் நாளே கழற்றி எறிபவர்கள் நம்மில் அதிகம். தயவுசெய்து மீண்டும் மாட்டுங்கள்.

கேள்வி: பையனை மட்கார்டில் உட்கார வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு குலுக்கலில் தவறி விழுந்தால் பின்சக்கரத்தின் அடியில்தான் விழுவான்.

கேள்வி: சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

பதில்: இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொண்டியைப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தனித்தனி பிரேக் வயலில் திருப்புவதற்கு மட்டுமே. கொண்டி போட்டும் இழுத்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகே சாலையில் ஓட்டுங்கள்.

கேள்வி: ஏர் கிளீனரை எப்போது பார்க்க வேண்டும்?

பதில்: புழுதி உழவு நடக்கும் நாள்களில் தினமும். ஆயில் கிண்ணம் உள்ள வகையானால், அடியில் படிந்த சேற்றை வழித்துவிட்டுக் கோடுவரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.