அம்மாவுக்கு மறதி நோயா, மாத்திரைக் குழப்பமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை நோய். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார். ஆறு மாதமாக டவுனில் ஒரு தனியார் டாக்டரிடமும் காட்டுகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.8. நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தபோது, சில நாட்களாக விடியற்காலையில் எழுந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். உடம்பெல்லாம் வியர்வை. ஒருநாள் பேரனைப் பார்த்தே யாரென்று கேட்டார். காபி குடித்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறார். மகளிர் குழுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தவர் அவர். அல்சைமர் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மூளை ஸ்கேன் எடுக்கலாமா? மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாமே, நிறுத்திவிடலாமா? பாதம் எரிகிறது, முடியும் கொட்டுகிறது. டாக்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறார், ஒன்றும் புரிந்துகொள்வதில்லை.
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஸ்கேனை இப்போதைக்கு விடுங்கள். காபி குடித்ததும் தெளிந்துவிடுகிற மறதி நோய் கிடையாது. விடியற்காலை, வியர்வை, உளறல், சர்க்கரை போட்ட காபி உள்ளே போனதும் பழையபடி ஆகிவிடுவது. இது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளம், எல்லோரும் சொல்லும் 'லோ சுகர்'. அல்சைமர் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வரும். நாலு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகாது. யூடியூபில் பேசுகிறவருக்கு உங்கள் அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுவது தெரியாது.

5.8 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட்டீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பகீரென்றது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு 5.8 வந்தால் கை குலுக்கலாம். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற 68 வயதுக்காரருக்கு அது வேண்டாத எண். இந்த வயதில் 7, 7.5 இருந்தாலே போதும். வேறு நோய்களும் இருந்தால் 8 வரைகூட விட்டுவைப்போம். சராசரியே அவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால் சில இரவுகளில் எவ்வளவு கீழே போனதோ! விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை (இது வேறு அளவு) 70-க்குக் கீழே போனாலே லோ சுகர்தான்.

ஏன் போகிறது? இரண்டு இடத்தில் மாத்திரை வாங்குகிறார் என்று எழுதிய நீங்கள், என்னென்ன மாத்திரை என்று எழுதவில்லை. என் சந்தேகம் கிளிமிபிரைடு, நான் சொன்ன இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை. அரசு நிலையத்தில் ஒன்று, தனியார் சீட்டில் மெட்ஃபார்மினோடு சேர்த்த இன்னொன்று என்று ஒரே மருந்து இரண்டு உருவத்தில் வீட்டுக்குள் வந்திருக்கலாம். அரசு அட்டையில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் கண்ணில் படும், மருந்தின் பெயரையும் அதே அட்டையில் தேடிப் படிக்க வேண்டும். இரண்டும் ஆங்கிலத்தில். உங்கள் அம்மாவுக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள்.

சமீபத்தில் ஓர் அம்மா என் மேசைமேல் துணிப்பையைக் கவிழ்த்தார். கத்தரித்த அட்டைத் துண்டுகள் கொட்டின. பாதித் துண்டுகளில் பெயர் இருந்த பகுதி கடையிலேயே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. "பச்சை காலையில, ரோஸ் ராத்திரி, இந்த நீட்டு வெள்ளை ரெண்டு வேளை" என்று தயங்காமல் ஒப்பித்தார். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மருந்தின் அளவு மாறினாலும் மாறும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவருடைய பச்சையும் ரோஸும் கிளிமிபிரைடுதான், ஒன்று 2 மில்லிகிராம், மற்றது 1.

உங்கள் அம்மாவுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்த நீங்கள்கூட 5.8-ஐ நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொண்டீர்கள். குழுக் கணக்கை மனதில் வைத்திருந்தவருக்கு மாத்திரைக் கணக்கு வராதா? எந்த மாத்திரை எதற்கு என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வரிசை நிற்கிறது. சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதுகிறோம், "புரிஞ்சுதாம்மா?" என்கிறோம். அதற்கு "சரிங்க" தவிர வேறு பதில் இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. டாக்டரிடம் போய்ப் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் கேள்வியை மாற்றிப் போட வேண்டும். "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுல மருமக கேட்டா இந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?" என்று அவர் வாயால் திருப்பிச் சொல்லவைத்தால் குழப்பம் அங்கேயே வெளியே வந்துவிடும். ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காத டாக்டர், நோயாளி தலையாட்டினார் என்று குறைசொல்லக் கூடாது.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள். கிருத்திகை, ஆடி வெள்ளி என்று அம்மா விரதம் இருக்கிறாரா? இரவில் அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாரா? "மாத்திரையை மட்டும் விடக் கூடாது" என்று நாங்கள் சொன்னதை அப்படியே கேட்டு, சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். சொன்னதைத்தான் செய்கிறார்கள். சாப்பிடாத வேளைக்கு இன்சுலின் சுரக்கவைக்கும் அந்த மாத்திரை வேண்டாம் என்கிற பாதியை நாங்கள்தான் சொல்வதில்லை.

இனி செய்ய வேண்டியது. இதைப் படிக்கிற இன்றே வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் எடுத்து கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு அட்டைகளில் இருந்தால் இன்று இரவு அந்த வகை மாத்திரை வேண்டாம். ஒரு வேளை விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. மெட்ஃபார்மின் மட்டும் உள்ள மாத்திரையைத் தொடரட்டும். நாளைக் காலையே முழுப் பையோடும் ரிப்போர்ட்டோடும் இரண்டு டாக்டர்களில் ஒருவரைப் பாருங்கள். இனி ஒரே இடத்தில் மருந்து. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் இருந்தால், தனியார் மாத்திரைகளை அவரிடமும் காட்டுங்கள். அவருடைய குறிப்பில் அது இருக்காது.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மறுபடி வியர்த்து உளறினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வேண்டும். விழுங்க முடியாமல் அரைமயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை ஏறியும் குழப்பம் தீரவில்லை, வாய் கோணுகிறது, ஒரு கை கால் துவள்கிறது என்றாலும் 108தான், அது பக்கவாதமாக இருக்கலாம்.

தெளிந்துவிட்டாரே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த மாத்திரைகள் ஒரு நாளைக்கு மேலும் உடம்பில் நிற்கும், முக்கியமாக வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும். காலையில் சரியானவர் மதியம் மறுபடி மயங்கி விழலாம். அதனால் இப்படி ஆன அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் அதன் அளவைக் குறைப்போம், ரொம்பக் கெட்டிருந்தால் நிறுத்துவோம். வாட்ஸ்அப்பில் இதைத் தலைகீழாக எழுதிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது கிளிமிபிரைடு விஷயத்துக்கும் தேவை. பாத எரிச்சல் சர்க்கரையால் வந்திருக்கலாம். வருடக் கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதாலும் வரும். ரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடி கொட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.